பங்குக் காகிதத்தில் விழுந்த அரைப் பேர்

எங்கள் லயத்து வரிசையில், என் காம்பராச் சுவரில் ஒரு முருகன் படம் தொங்குகிறது. கண்ணாடிக்கும் பின்னால் அடித்திருக்கும் அட்டைக்கும் நடுவில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று என் பேரில் உள்ளது, மற்றது என் சம்சாரத்தின் பேரில் உள்ளது. அவள் போய் நாலு வருஷமாகிறது. படத்துக்குப் பூ வைக்க எனக்குப் பாதி நாள் ஞாபகம் வருவதில்லை. ஆனால் மழைக்காலம் முடிந்ததும் அந்தக் காகிதங்களை வெளியே எடுத்து, அடுப்பு அனலுக்கு எட்டப் பிடித்துக் காயவைத்துத் திரும்ப உள்ளே வைப்பேன். ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஈரம் சுவருக்குள்ளும் போகும், அட்டைக்குள்ளும் போகும்.

அவை கம்பனிப் பங்குக் காகிதங்கள். தோட்டங்களை அரசாங்கம் கம்பனிகளிடம் கொடுத்த காலத்தில், செக்ரோல் என்ற பேர்ப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் கொஞ்சம் பங்கை இனாமாகக் கொடுத்தார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவைத்து ஆளுக்கொரு காகிதம் தந்தார்கள். அன்றைக்குக் கூத்துத்தான். சிலர் அது பிரஜாவுரிமைக் காகிதம் என்று இரண்டு கையையும் நீட்டிக் கும்பிட்டு வாங்கினார்கள். சிலர் காணி உறுதிப் பத்திரம் என்று நினைத்து, எந்தப் பக்கத்துக் காணி என்று மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் கேட்டார்கள். அவருக்கும் சரியாகத் தெரியாது. "பத்திரமா வச்சிக்கங்க" என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நாளில் டவுனிலிருந்து ஆட்கள் வந்து காகிதங்களை விலைக்குக் கேட்டார்கள். முக்கால்வாசிப் பேர் கொடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துக் காம்பராக்காரர், அப்போது ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், காவலுக்கு இருந்தவர், தன்னுடையதைக் கொடுத்து ஒரு ரேடியோ வாங்கினார். நானும் கொடுத்திருப்பேன். என் சம்சாரம் விடவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் அரைப் பேர் கதையைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர் போடுவார்கள். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். என் சம்சாரம் கொழுந்தெடுத்த காலம் முழுக்க ஒரே ஒரு நாள்தான் அரைப் பேர் வாங்கினாள். அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. அவளுக்குக் கிடைத்த செடி நிரை பள்ளத்தில், ஆற்றோரத்தில் இருந்தது. அங்கே கொழுந்தும் இல்லை, நிற்க இடமும் இல்லை. சாயங்காலம் மடுவக் கொட்டகையில் நிறுத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் குறைந்தது. கணக்கப்பிள்ளை அரைப் பேர் போட்டுவிட்டார்.

நான் அப்போது ஸ்டோரில் தூள் பிரிக்கும் சல்லடை வேலை. சத்தம் கேட்டு வெளியே வந்தேன். எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் மட்டும் நனைந்த படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியபடி மடுவத்து வாசலில் நிற்கிறாள்.

"ஐயா, நான் முழுசா நின்னேன். மழயும் முழுசாத்தான் பேஞ்சிச்சு. பேரு மட்டும் என்னா அரை?"

"சட்டம் அப்படித்தாம்மா. நான் என்னா செய்ய?"

"சட்டத்த கூட்டிக்கிட்டு வாங்க. நாளைக்கி அந்த நிரையில நிக்கட்டும், பாப்போம்."

கணக்கப்பிள்ளை சிரித்துவிட்டார். ஆனால் பேரை மாற்றவில்லை. அவள் அதைச் சாகும்வரை விடவில்லை. சோற்றில் உப்புக் குறைந்தாலும் "அரைப் பேரு போட்டுறாதீங்க" என்பாள். பிறகு பங்குக் காகிதம் வந்தபோது, யார் என்ன சொன்னாலும், அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். "அன்னிக்கி வெட்டுன அரைப் பேர இப்ப குடுத்திருக்கானுங்க. இத யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று படத்தைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, அவளுடையதையும் என்னுடையதையும் சேர்த்து உள்ளே வைத்து அடித்துவிட்டாள்.

அவள் செத்த மறு வாரம் நான் தோட்டத்து ஆபீசுக்கு, கந்தோருக்குப் போனேன். கிளாக்கரையா பழைய பேர்ப் புத்தகத்தைப் பிரித்து அவள் பேரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார். அதைப் பேர் வெட்டுவது என்போம். ஒரு நொடி வேலை. அவர் பேனாவை மூடுவதற்குள் முடிந்துவிட்டது.

போன வருஷம் கந்தோரிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. இப்போது இருக்கும் கிளாக்கர் புதியவர். இரண்டு கடிதங்களை நீட்டினார்.

"ஒன்னு ஒங்களுக்கு, இன்னொன்னு ஒங்க வீட்டம்மாவுக்கு. கம்பனி ரெண்டாப் பிரியுதுன்னு எழுதியிருக்கு."

"நாங்க என்னா செய்யணும்?"

"ஒன்னும் செய்யத் தேவயில்ல. போயிட்டு வாங்க."

கடிதம் இங்கிலீஷிலும் சிங்களத்திலும் இருந்தது. எனக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் வரும். அவள் பேரை மட்டும் இங்கிலீஷில் அடையாளம் தெரியும். படத்தை எத்தனையோ தரம் பிரித்து மூடியவன் அல்லவா. இரண்டையும் அட்டைக்குள் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்துக் காம்பராக்காரர் ராகலைக்குப் போய்த் திரும்பி வந்தார். நான் பங்கை விற்காததால் அவருக்கு நான் மொதலாளி. முப்பது வருஷமாக அந்தப் பேரை விடவில்லை.

"மொதலாளி, ஒங்க கம்பனிய ரெண்டா வெட்டிப்புட்டாங்களாம்ல?"

"யாரு சொன்னா?"

"டவுன் கடக்காரரு. பங்கெல்லாம் வாங்கி விக்கிறவரு. நேத்து இருந்த வெல இன்னிக்கி காலையில பாதியாம். நான் ரேடியோ வாங்குனேன். அதுவும் ஒடஞ்சிச்சு, இல்லேங்கல. ஆனா முழுசா ஒடஞ்சிச்சு. பாதி பாட்டு பாடல."

"எல்லாருக்குமா பாதி?"

"ஒங்களுக்கு, தங்கச்சிக்கு, எல்லாத்துக்கும்தான்."

என் சம்சாரத்தை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் அதற்குப் பிறகு உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசினார். எனக்குக் காதில் ஏறவில்லை. மறுபடியும் அவளுக்கு அரைப் பேர் போட்டுவிட்டார்கள் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. என்னுடையதைப் பாதியாக்கினால் போகட்டும், நான் மூப்பாகி வேலையை விட்டவன். அவள் முழுசாக நின்றவள். கேட்க ஆளில்லை என்று தெரிந்து போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகன் போன் எடுத்தான். அவன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன்.

"வித்துருங்கப்பா. இன்னும் எறங்குமாம். அந்தக் காச வச்சி கூரைக்காவது தகரம் போடலாம். குசினிக்குள்ள அடுப்புக்கு மேல ஒழுகுதுன்னீங்களே."

"அம்மாவோடதையுமா?"

"அதுக்கு அம்மாவோட மரண சேட்டிபிக்கட் குடுக்கணும். கம்பனி பொஸ்தகத்துல அவங்க பேர வெட்டிட்டு ஒங்க பேருக்கு மாத்துவாங்க. கஷ்டமில்லப்பா, நான் வந்து செஞ்சி தாறேன்."

"வேலை இருந்தா இரு. நான் பாத்துக்குறேன்."

அந்தப் பேர் வெட்டுகிற சத்தம் எனக்குத் தெரியும். பேனா மூடுகிற சத்தம்தான் அது.

திங்கட்கிழமை இரண்டு கடிதங்களையும் சட்டைக்குள் வைத்து, மேலே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, நுவரெலியாவுக்கு பஸ் ஏறினேன். பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. "இஸ்ஸரஹட யன்ன சீயா" என்று கொண்டக்டர் சிங்களத்தில் முன்னால் போகச் சொல்லி என்னைத் தள்ளிக்கொண்டே போனான். அவள் இருந்தபோது இந்த வழியில் வருஷத்துக்கு ஒரு தரம் போவோம், தீபாவளிக்குத் துணி எடுக்க. கந்தப்பொளையில் பஸ் நிற்கும்போது அவள் தவறாமல் ஜன்னல் வழியாக லீக்ஸ் விலை கேட்பாள். வாங்க மாட்டாள். கேட்டுவிட்டு "கொள்ளக்காரனுங்க" என்று சொல்லி ஜன்னலை மூடுவாள். அன்றைக்கு ஜன்னல் ஓரத்தில் யாரோ ஒரு பிள்ளை காதில் வயரைப் போட்டுக்கொண்டு தூங்கியது. யாரும் விலை கேட்கவில்லை.

பங்கு வாங்கி விற்கிற கந்தோர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், மாடியில். படியேறி மூச்சு வாங்கி நின்றேன். மேசைக்குப் பின்னால் ஒரு பொம்பளப்பிள்ளை. முப்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி. அதைப் பார்த்ததும் தமிழில் பேசலாம் என்று தைரியம் வந்தது.

"என்னா தாத்தா வேணும்?"

"அரைப் பேரு போட்டிருக்காங்கம்மா. முழுப் பேரா மாத்தணும்."

வேறு யாராவது இருந்தால் என்னைக் கீழே அனுப்பியிருப்பார்கள். அந்தப் பிள்ளை பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"எங்கம்மா பூண்டுலோயாவில கொழுந்தெடுக்குறவங்க. அரைப் பேருன்னா எனக்கும் தெரியும். மொதல்ல உக்காருங்க. காயிதத்த காட்டுங்க."

கடிதங்களைப் படித்தது. பிறகு மேசையில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் மடித்தது.

"தாத்தா, இவ்வளவு நாளா இந்த ஒரு பங்குக்குள்ள ரெண்டு யாவாரம் இருந்திச்சு. ஒன்னு தேயில. இன்னொன்னு ஆத்துல எடுக்குற கரண்டும், பழைய தொர பங்களாவுல நடத்துற ஹோட்டலும். இந்த ரெண்டாவத பிரிச்சி புதுசா ஒரு கம்பனி ஆக்கிட்டாங்க. பழைய பங்குக்குள்ள இப்ப தேயில மட்டும்தான். அதுனாலதான் வெல எறங்கிருச்சு."

"அப்ப மத்தது?"

"அதுக்குப் புதுக் காயிதம் வரும். ஒங்க கையில ஒரு பங்கு இருந்தா, புதுக் கம்பனியில ஒரு பங்கு. சும்மாவே தருவாங்க. ஒங்களுக்கும் வரும், அம்மாவுக்கும் வரும்."

"பாதி காணாமப் போகலயா?"

"இல்ல. இன்னும் கைக்கு வரல, அவ்வளவுதான்."

சல்லடை ஞாபகத்துக்கு வந்தது. காய்ந்த தூளை மேலே கொட்டினால் கீழே பெரிது, சிறிது, டஸ்ட் என்று தனித்தனியாக விழும். குவியல்தான் பல, நிறுத்தால் கொட்டின எடைதான் வரும். கலந்து விற்றால் ஒரு விலை, பிரித்து விற்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. என் ஆயுசெல்லாம் செய்த வேலை அது. அதை அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.

"அதேதான் தாத்தா."

"சல்லடையில தூசு பறக்குமே. அதுல கொஞ்சம் எடை போயிருமே?"

"பறக்கும். அத லாயருமாரு வாசல்ல சாக்கு புடிச்சி அள்ளிக்குவாங்க" என்று சிரித்தது.

"அப்ப பிரிச்சா கூட வெல வருமாம்மா?"

"வரும்னு சொல்லித்தான் பிரிக்கிறாங்க. வரலாம். வராமலும் போகலாம். தேயில வேணும்னு வாங்குனவன் கைக்கு இப்ப கரண்டுக் கம்பனிப் பங்கு வருது. அவனுக்கு அது வேணாம். கெடச்ச வெலக்கித் தள்ளிருவான். நெறைய பேரு ஒரே நேரத்துல தள்ளுனா புதுப் பங்கு மொதல்ல விழும். பொறவு அது சம்பாதிக்குதான்னு பாத்து, வேணுங்கிறவன் வாங்குவான். அப்ப நிக்கும், ஏறும். சம்பாதிக்கலன்னா அப்படியே கெடக்கும்."

"ரெண்டுல எது நல்ல குவியல்?"

அது உள்ளறைக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. "நான் இதெல்லாம் சொல்லக் கூடாது. நீங்களே யோசிங்க. மழ பேஞ்சா ஆறு ஓடும். ஆத்துக்குச் சம்பளம் இல்ல, லயம் இல்ல. தேயிலக்கி எல்லாம் வேணும். தேயில நட்டப்பட்ட வருஷத்துல கரண்டுக் காசுலதான் சமாளிச்சாங்க. இனிமே அந்தக் கை இல்ல."

"லயமெல்லாம் எந்தப் பக்கம்?"

"பழைய கம்பனிப் பக்கம்தான் தாத்தா."

ஆறு ஒரு பக்கம் போய்விட்டது, நாங்கள் இருக்கும் வரிசைக் காம்பராக்கள் மற்றப் பக்கம். என் கூரையை நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை என் சம்சாரத்தின் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தது. "அம்மா வரலியா?"

நான் வாயைத் திறந்தேன். சொல்லத்தான் திறந்தேன்.

"இந்தக் குளிருல பஸ்ஸுல வர முடியாதாக்கும். எங்கம்மாவுக்கும் முட்டுவலிதான்."

தலையை ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"மருந்து எடுக்கிறாங்களா?"

"அவ மருந்துன்னா எங்க குடிப்பா."

"எல்லா அம்மாவும் அப்படித்தான். அரைப் பேருன்னு ஒங்கள அனுப்புனது அவங்கதானே?"

"அவதான். அரைப் பேருன்னா விட மாட்டா."

"நல்ல கோவக்காரங்க போல."

"கணக்கப்பிள்ளைக்கிட்டயே சட்டத்த கூட்டிக்கிட்டு வாங்கன்னு கேட்டவம்மா."

அந்தக் கதையையும் சொல்ல வைத்தது. சொன்னேன். அது மேசையில் குனிந்து சிரித்தது. கால் மணி நேரம் இருக்கும். அவள் போன பிறகு அவளைப் பற்றி யாரும் 'இருக்காங்களா, சாப்புடுறாங்களா, கோவப்படுறாங்களா' என்று கேட்டதில்லை. இருந்தாள், போனாள், பாவம் என்றுதான் பேசுவார்கள். மகனும் அப்படித்தான். அந்த மாடியில் மட்டும் அவள் முட்டுவலியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அது சொன்னது: "விலாசம் மாறலன்னா ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரு வேலயும் இல்ல. காயிதம் தானா வரும். செத்தவங்க பேருல இருந்தாத்தான் கஷ்டம். அத மாத்த நெறைய அலையணும்."

"ஆமாம்மா" என்றேன். என் போன் நம்பரை எழுதிக்கொண்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கந்தப்பொளையில் லீக்ஸ் விலை கேட்டேன். விற்கிறவன் சொன்னான். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல் ஜன்னலை மூடினேன்.

புதுக் காகிதங்கள் மழைக்காலத்துக்கு முன் கந்தோருக்கு வந்தன. என்னுடையதில் என் பேர். மற்றதில் அவள் பேர், அதே இங்கிலீஷ் எழுத்துகள். புத்தம் புதுத் தாள், மடிப்புக் கூட விழவில்லை. பழைய கிளாக்கர் சிவப்புக் கோடு இழுத்த பேர், கொழும்பில் ஏதோ ஒரு புதுப் புத்தகத்தில் இப்போது ஏறியிருக்கிறது. அவளுடைய பழைய நிரைக்குக் கீழே அந்த ஆறு ஓடும். பகலில் அங்கேதான் கை கழுவித் தண்ணீர் குடிப்பாள். கரண்டுக்காரர்கள் பெரிய குழாயைப் போட்டுத் தண்ணீரை உள்ளே இழுத்த வருஷம், "குடிக்கிற தண்ணியையும் குழாய்க்குள்ள போட்டுட்டானுங்க" என்று திட்டினாள். அந்தக் குழாயில் இப்போது அவளுக்கும் ஒரு துண்டு பங்கு.

கீழ் லயத்தில் பங்கு வைத்திருந்த ஒரே ஒரு குடும்பம், தேயிலை இல்லாத காகிதம் நமக்கு எதற்கு என்று வந்த வாரமே புதியதைக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டது. மலிவாகத்தான் போனது. நாடு முழுக்கப் பலர் அப்படிச் செய்ததாகக் கடைக்காரர் சொன்னாராம். பிறகு நல்ல மழை. ஆறு நிரம்பி ஓடியது. புதுப் பங்கு நின்றது, ஏறியது. தேயிலைப் பங்கு விழுந்த இடத்திலேயே மெலிந்து கிடந்தது.

பக்கத்துக் காம்பராக்காரர் வந்து இஸ்தோப்புத் தூணில் சாய்ந்தார். "ரெண்டையும் சேத்தா பழைய வெலயத் தாண்டிருச்சாம் மொதலாளி. எனக்கு ஒரு ரேடியோ வாங்கித் தாங்க."

"பாதி பாட்டு பாடுறது வாங்கித் தாறேன்."

"எந்தப் பாதின்னு நான்தான் சொல்லுவேன்" என்றார்.

என் பேரிலிருந்த புதுப் பங்கை மட்டும் அந்தப் பிள்ளை வழியாக விற்றேன். கையெழுத்துப் போட இன்னொரு தரம் மாடி ஏறினேன். அன்றைக்கு அது அம்மாவின் முட்டுவலிக்கென்று ஒரு தைலப் போத்தல் கொடுத்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். முருகன் படத்துக்குக் கீழே பலகையில் வைத்திருக்கிறேன். திறக்கவில்லை. வந்த காசுக்குக் குசினிப் பக்கம் தகரம் போட்டாயிற்று.

அவளுடையதையும் விற்றால் முன் பக்கத்துக்கும் தகரம் வரும். மகன் ஒவ்வொரு ஞாயிறும் அதைத்தான் சொல்கிறான். சேட்டிபிக்கட்டை எடுத்து வைக்கச் சொல்கிறான். எடுத்து வைத்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கொழும்பில் ஒருவர் பேனாவை மூடுவார். நுவரெலியாவில் அந்தப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

போன வாரம் அந்தப் பிள்ளை போன் எடுத்தது.

"தாத்தா, புதுப் பங்கு இன்னும் ஏறியிருக்கு. அம்மாவோடத விக்கிறதுன்னா இப்ப நல்ல நேரம். கேட்டுப் பாத்தீங்களா?"

"கேட்டேம்மா."

"என்னா சொல்றாங்க?"

"குடுக்க மாட்டேங்கிறா."

"அப்ப விடுங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். முட்டுவலி எப்படி?"

"குளிருக்குக் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. பழைய கூரையில் மழை இப்படிக் கேட்காது, ஒழுகும், அவ்வளவுதான். புதுத் தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருக்கிற ஆள் பேசுவது காதில் விழாது. நான் முன் பக்கத்தில், ஒழுகுகிற இடத்துக்குக் கீழே சட்டியை நகர்த்தி வைத்தேன்.